ஓஃப்சைட்: காப்புரிமை எங்களுடையது

பெறுநர்: தலைவரும் சபையோரும், சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம், சூரிச், சுவிற்சர்லாந்து.

விடயம்: உடனடி ஓஃப்சைட் தொழில்நுட்பத்தின் காப்புரிமையை அதன் உண்மையான சொந்தக்காரரான இலங்கை அரசுக்கு வழங்குதல்.

ஐயன்மீர்,

மேற்படி விடயம் தொடர்பாகத் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. நான் வெள்ளவத்தையில் குடியிருப்பவன். கொட்டாஞ்சேனையில் பெண் எடுத்தவன். இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுவது எங்கள் ஆட்களுக்குப் பழகிப்போன மரியாதை. யார் கேட்டாலும், சிலவேளை கேட்காமலே, எங்கே இருக்கிறோம், எதற்காக இருக்கிறோம், எத்தனை நாளைக்கு இருக்கப்போகிறோம் என்று ஒப்புவித்துவிடுவோம். நீங்களும் பதிந்துகொள்ளுங்கள்.

2022 நவம்பர் 20ஆம் திகதி இரவு ஒன்பதரை மணிக்கு எங்கள் மாடிக்குடியிருப்பில் பத்துப் பேர் ஒரு தொலைக்காட்சிக்கு முன்னால் குந்தியிருந்தோம். கட்டாரும் எக்குவடோரும் மோதிய உலகக் கிண்ண முதல் ஆட்டம். மூன்றாம் நிமிடத்திலேயே எக்குவடோரின் வலென்சியா தலையால் இடித்துப் பந்தை வலைக்குள் போட்டார். பத்துப் பேரும் எழும்பிக் கத்தினோம். கத்திய வாய் மூடி முடியவில்லை, கோல் இல்லை என்றார்கள். எஸ்த்ராடா என்ற சக வீரரின் கால் கோட்டைத் தாண்டிவிட்டதாம். எந்தக் கோடு? புல்லில் ஒன்றையும் காணோம். பிறகு திரையில் பொம்மைப் படம் கீறிக் காட்டினார்கள். கண்ணாடிச் சுவர்போல ஒரு கோடு, அதற்கு அப்பால் துருத்திக்கொண்டு ஒரு கால்.

மைதானக் கூரைக்குக் கீழே 12 கமெராக்களாம். ஒவ்வொரு வீரனின் உடம்பிலும் 29 புள்ளிகளைச் செக்கனுக்கு 50 தடவை அவை அளக்கின்றனவாம். பந்தின் வயிற்றுக்குள் ஓர் உணரி, அது செக்கனுக்கு 500 தடவை சேதி அனுப்புகிறதாம். பந்து எந்தக் கணத்தில் உதைபட்டது, அந்தக் கணத்தில் எவனுடைய முழங்கால் எங்கே நின்றது என்பதெல்லாம் கணினிக்கு அத்துப்படி. முன்பு சராசரி 70 செக்கன் பிடித்த வேலை இனி இருபது, இருபத்தைந்து செக்கனில் முடியும் என்று உங்கள் அதிகாரிகள் பெருமைப்பட்டார்கள்.

எங்கள் மேல்மாடி மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, பிளேன்டீயை ஓர் இழுவை இழுத்துச் சொன்னார்: "உவங்கள் இப்பதானே கண்டுபிடிச்சிருக்கிறாங்கள் தம்பி. எங்கட நாட்டில உது எப்பவோ வந்திட்டுது."

அந்த ஒரு வசனம்தான் இந்த மனுவுக்குக் காரணம். ஆதாரங்களை ஒழுங்குமுறையாகக் கீழே தருகிறேன்.

முதலாவது கருவி: வாளி.

சிங்களத்தில் வாளிக்கு ஒரு சொல் உண்டு. பால்திய. 1983இல் தமிழருக்கு எதிரான கலவரத்தில் வீதியில் வாகனத்தை மறித்தவர்கள் உள்ளே இருந்தவர்களை அந்தச் சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதல் எழுத்தை அடித்தொண்டையில் அதிரவிட்டுச் சொன்னவர் போகலாம். உதட்டோடு மெலிதாகச் சொன்னவர் இறங்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லை இந்தக் கடிதத்தில் பிழையில்லாமல் எழுதிக்காட்ட எனக்கும் வழியில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு 'ப'. நாக்கை விடுங்கள், எங்கள் அரிச்சுவடியே ஓஃப்சைட். உங்கள் பந்து செக்கனுக்கு 500 தடவை சேதி அனுப்பினால்தான் தீர்ப்பு வரும். எங்கள் ஆட்களுக்கு ஒரு தடவை போதுமாயிருந்தது.

இரண்டாவது கருவி: இடாப்பு.

1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் தொடங்கிய அந்தக் கலவரம் மறுநாள் வெள்ளவத்தைக்கு வந்தது. வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. குறுக்கு ஒழுங்கைகளில் வீட்டிலக்கம் பார்த்து, பெயர் பார்த்து, ஒவ்வொரு வீடாக வந்தார்கள். 'தரவு' என்ற சொல்லை இந்த நாட்டில் எவரும் பேசாத காலம் அது. துல்லியத்தைக் கேளுங்கள்: வீட்டுக்காரர் சிங்களவர், குடியிருந்தவர் தமிழர் என்றால் வீட்டைத் தொடவில்லை. சாமான்களை மட்டும் வீதிக்கு இழுத்துவந்து எரித்தார்கள். ஒரே கூரையின் கீழ் சுவர் ஒன்சைட், கட்டில் ஓஃப்சைட். உங்கள் 12 கமெராவும் சேர்ந்தால்கூட இந்த நுட்பம் வருமா?

ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் மனிதனில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்து, அலுமாரிக்குப் பின்னாலும் கட்டிலுக்குக் கீழும் எங்களை ஒளித்துவைத்துவிட்டு, வாசலில் நின்று "இங்கே ஒருவரும் இல்லை" என்று சொன்ன சிங்கள அயலவர்கள் இருந்தார்கள். கோடு அவர்களுக்கும் தெரிந்தது. கொடி தூக்க மறுத்த லைன்ஸ்மன்கள் அவர்கள். எங்களில் பலர் இன்று மூச்சுவிடுவது அந்தத் தூக்காத கொடிகளால்.

மூன்றாவது கருவி: அட்டை.

உங்களுக்கு உடம்பில் 29 புள்ளிகள் வேண்டும். போர்க்காலத்தில் எங்களுக்கு அடையாள அட்டையில் ஒரு புள்ளி போதுமாயிருந்தது: பிறந்த இடம். பருத்தித்துறை, கிளிநொச்சி, மட்டக்களப்பு என்று எழுதியிருந்தால் சோதனைச்சாவடியில் பஸ்ஸைவிட்டு இறங்கித் தனி வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அட்டையைப் புரட்டக்கூடத் தேவையிருக்கவில்லை. பல ஆண்டுகளாக வடக்கு கிழக்கில் கொடுத்த அட்டையில் சிங்களமும் தமிழும் இருந்தன. மற்ற இடங்களில் தனிச் சிங்களம். மொழியுரிமை என்று அச்சடித்த தமிழ் எழுத்து தூரத்திலிருந்தே எங்களைக் காட்டிக்கொடுத்தது. 2008 செப்டெம்பரில் ஒரு படி மேலே போனார்கள். ஐந்து ஆண்டுகளுக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்து பதிய வேண்டும் என்றார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். ஆட்டத்துக்கு முன்பே வீரர்களின் அளவெடுக்கிறீர்களே, அதே நடைமுறைதான்.

நான்காவது கருவி: பஸ்.

இதுதான் எங்கள் தொழில்நுட்பத்தின் உச்சம். ஆகவே ஆறுதலாகச் சொல்கிறேன்.

2007 யூன் 7ஆம் திகதி, விடிவதற்கு முன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி, புறக்கோட்டை லொட்ஜுகளில் கதவு தட்டப்பட்டது. உள்ளே படுத்திருந்தவர்கள் யார்? விசாவுக்குக் காத்திருந்தவர்கள். கடவுச்சீட்டு எடுக்க வந்தவர்கள். பெரியாஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்க வந்தவர்கள். வேலை தேடி வந்தவர்கள். மூட்டை கட்ட அரை மணித்தியாலமும் கொடுக்கவில்லை. 291 ஆண்கள், 85 பெண்கள், மொத்தம் 376 பேரைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்புக்கு வெளியே அனுப்பினார்கள், வடக்குக்கும் கிழக்குக்கும். கைது இல்லை. குற்றப்பத்திரிகை இல்லை. கொழும்பில் இருப்பதற்குத் தக்க காரணம் இல்லையாம், அவ்வளவுதான்.

கவனியுங்கள், ஐயன்மீர். சொந்த நாட்டின் தலைநகரில் படுத்துறங்கக் காரணம் கேட்ட அரசு உலகத்தில் எத்தனை?

அந்தக் காலத்துப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச இதை நியாயப்படுத்திப் பேசினார். பிடித்து உள்ளே போடுவதைவிட வீட்டுக்கு அனுப்புவது நல்லதுதானே என்பது அவருடைய தர்க்கம். கோலை மறுத்தது போதாதென்று, நன்றி சொல்லிவிட்டுப் போகச் சொல்லும் மத்தியஸ்தர் அவர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறுநாளே, யூன் 8ஆம் திகதி, நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தோடு ஆட்டம் தொடர்ந்தது. எந்த அதிகாரிக்கும் ஒரு மஞ்சள் அட்டைகூடக் காட்டப்பட்டதாக நாங்கள் கேள்விப்படவில்லை. செயலாளர் 2019இல் ஜனாதிபதியானார். 2022 யூலை 13ஆம் திகதி, அதுவும் விடிவதற்கு முன்தான், விமானப்படை விமானத்தில் மாலைதீவுக்குக் கிளம்பினார். கொழும்பில் இருக்க அவருக்கும் தக்க காரணம் இல்லாமல் போயிற்று. மூட்டை கட்ட மட்டும் எங்களைவிடக் கொஞ்சம் கூட நேரம் கிடைத்திருக்கும்.

இனி உங்கள் சட்டப் புத்தகத்துக்கு வருகிறேன். ஆட்டவிதிகளில் பதினொராவது ஓஃப்சைட். அதை மாஸ்டர் வாசித்து எனக்கு விளங்கப்படுத்தினார். மூன்று இடத்தில் எனக்கு நெஞ்சு அடைத்தது.

ஒன்று: ஓஃப்சைட் இடத்தில் நிற்பது தன்னளவில் குற்றமே ஆகாதாம். நின்றவன் ஆட்டத்தில் தலையிட வேண்டும், அல்லது எதிராளியை மறிக்க வேண்டும், அல்லது அந்த இடத்தால் ஆதாயம் எடுக்க வேண்டும். அப்போதுதான் கொடி. சும்மா நின்றவனை ஒருவரும் தொட முடியாது. ஐயோ, இதை 2007இல் எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா? அந்த 376 பேரும் செய்தது நின்றது மட்டும்தானே. நின்றதுகூட இல்லை, படுத்திருந்தார்கள்.

இரண்டு: தன் பாதி மைதானத்தில் நிற்பவனுக்கு ஓஃப்சைட்டே கிடையாதாம். எங்களை அப்படித்தான் 'உங்கள் பாதிக்குப் போங்கள்' என்று அனுப்பினார்கள். போனோம். 2009இல், போரின் முடிவில், அந்தப் பாதிக்குள்ளும் ஒரு கோடு கீறினார்கள். பாதுகாப்பு வலயம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். சனம் நம்பிக் கோட்டுக்குள் போனது. அதற்குள்ளேயே எறிகணை விழுந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கே இன்றைக்கும் வழக்கில் கிடக்கிறது. 29 புள்ளி வேண்டாம், ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தாவது எவரும் எண்ணித் தரவில்லை.

மூன்று: ஓஃப்சைட் அளக்கும்போது கை கணக்கில் இல்லையாம். தலை, உடம்பு, கால் மட்டும்தானாம். இந்த விதியை எழுதியவர் நிச்சயமாகக் கொழும்பில் இருந்திருக்க வேண்டும். இங்கேயும் கை கணக்கில் வருவதே இல்லை. தீ வைத்த கை, இடாப்பைக் கொடுத்த கை, கதவு தட்டிய கை, உத்தரவில் கையெழுத்திட்ட கை, எதையும் எந்தக் கமெராவும் பிடிக்காது. எங்கள் தலை எங்கே இருந்தது என்பது மட்டும்தான் பதிவாகும்.

காப்புரிமை கேட்பவன் கருவியின் குறையையும் சொல்ல வேண்டும். எங்கள் கருவிக்கு ஒரு குறை உண்டு. அது ஒரு பக்கத்து ஆட்களை மட்டும்தான் உடனே பிடிக்கும். மறுபக்கம் திருப்பினால் நின்றுவிடும்.

2023 செப்டெம்பர் 30ஆம் திகதி லண்டனில் லிவர்பூல் வீரர் லூயிஸ் டியஸ் போட்ட நல்ல கோலை ஓஃப்சைட் என்று பிழையாகத் தள்ளிவிட்டார்கள். உலகமே கொதித்தது. மூன்றாம் நாள், வீடியோ அறையில் மத்தியஸ்தர்கள் பதறிக்கொண்டு பேசிய ஒலிப்பதிவை அப்படியே வெளியிட்டார்கள். ஒரு கோலுக்கு மூன்று நாள். எங்கள் 1983க்கு ஓர் உண்மை ஆணைக்குழு நியமிக்க ஜனாதிபதிக்கு 18 ஆண்டு பிடித்தது. 2001இல் நியமித்தார்கள், 2002இல் அறிக்கை வந்தது. எரிந்த வீட்டில் பிறந்த பிள்ளை வாக்காளர் இடாப்பில் பெயர் பதியும் வயதுக்கு வந்த பிறகுதான் ஆணைக்குழுவுக்குக் கதிரை போட்டார்கள்.

2025 மே 11ஆம் திகதி நொட்டிங்ஹாமில் இன்னொன்று நடந்தது. பட்டவர்த்தனமான ஓஃப்சைட். ஆனால் நடைமுறைப்படி லைன்ஸ்மன் கொடியைத் தாமதித்தார். ஆட்டம் தொடர்ந்தது. தைவோ அவோனியி என்ற வீரர் கோல் கம்பத்தில் மோதி வயிற்றுக் காயத்தோடு விழுந்தார். சத்திரசிகிச்சை செய்து, மயக்கநிலையில் வைத்துத்தான் காப்பாற்றினார்கள். கொடி தாமதித்தால் ஆள் சாகக் கிடப்பான் என்று உலகம் படித்தது. அடுத்த மாதமே அமெரிக்காவில் நடந்த கழகங்களின் உலகக் கிண்ணத்தில், பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல் முன்னால் நின்றவன் பந்தைத் தொட்டால் லைன்ஸ்மனின் காதுக்கே எச்சரிக்கை ஒலி போகும்படி செய்தீர்கள்.

காதுக்கு எச்சரிக்கை! அது எங்களுக்கு 2019இலேயே வந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து வந்தது. தேவாலயங்கள் இலக்கு என்று வந்தது. திரும்பவும் வந்தது. காதுகள் இருந்தன, கேட்கவில்லை. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனை எல்லையில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்தில் பூசை நேரம் குண்டு வெடித்தது. அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்தச் சைவரும் போவார்கள், முஸ்லிம்களும் போவார்கள், சிங்களவரும் போவார்கள். நாடு முழுக்க 250 பேருக்கு மேல் செத்தார்கள். பதினேழு நாள், ஐயன்மீர். செக்கனாகக் கணக்குப் பாருங்கள், 14 லட்சத்துக்கும் மேல். உங்களுக்கு இருபது செக்கன் போதும்.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அவர் தவணை முறையில் கட்டினார். வெள்ளவத்தையில் குளிர்சாதனப் பெட்டி வாங்குகிற மாதிரி.

இந்தக் குண்டுவெடிப்பில் எங்கள் உதைபந்தாட்டத்துக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 2019இலேயே உலகக் கிண்ணத் தகுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் மக்காவோவிடம் ஒன்றுக்குப் பூச்சியம் தோற்றோம். இரண்டாம் ஆட்டத்துக்குக் கொழும்புக்கு வர மக்காவோ பயந்தது. நீங்கள் எங்களுக்கு மூன்றுக்குப் பூச்சியம் என்று வெற்றி எழுதிக் கொடுத்தீர்கள். பந்தைத் தொடாமல் மூன்று கோல். அடுத்த சுற்றுக்குப் போனோம். அந்த மூன்று கோலையும் உண்மையில் யார் போட்டது என்று எந்தக் கணினியிடம் கேட்பது?

கருவியின் குறைக்கு இன்னோர் உதாரணம். 2008, 2009இல் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கடற்படை ஆட்கள்மீது வழக்கு. முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொடவும் எதிரியாகச் சேர்க்கப்பட்டார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2021இல் சட்டமா அதிபர் அவர்மீதான வழக்கைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் வடமேல் மாகாண ஆளுநரானார். வீடியோ அறையிலிருந்து மத்தியஸ்தருக்கு என்ன சொன்னார்கள் என்ற ஒலிப்பதிவு மூன்று நாளில் வரவில்லை. அம்மாமார் இன்னமும் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

எங்கள் அரசு மெத்தனமானது என்று நினைத்துவிடாதீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் போனது. அன்றைக்கே அமைச்சர் குற்றவாளியை அறிவித்துவிட்டார்: பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த ஒரு குரங்கு. விசாரணை, சாட்சி, ஆணைக்குழு எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் பார்க்க இந்த நாட்டில் இவ்வளவு விரைவாக அடையாளம் காணப்பட்ட எதிரி வேறு யாரும் இல்லை. அதற்கு வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதது ஒன்றுதான் குறை.

கடைசியாக ஒன்று. எங்கள் அரசைத் தண்டிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் நீங்கள்தான். 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தினீர்கள். வெளியார் தலையீடு என்று காரணம் சொன்னீர்கள். ஓகஸ்டில்தான் தடையை எடுத்தீர்கள். உலகத் தரவரிசையில் அப்போது இருநூறையொட்டிக் கிடந்த ஓர் அணியின் நிர்வாகத்தில் அரசு விரல் வைத்ததற்கு ஏழு மாதத் தண்டனை. கொட்டாஞ்சேனை லொட்ஜ் கதவில் விரல் வைத்ததற்கு? அது உங்கள் நியாயாதிக்கத்துக்குள் வராது. தெரியும். யாருடைய நியாயாதிக்கத்துக்குள்ளும் அது வருவதில்லை.

ஆகவே காப்புரிமையை எங்கள் அரசுக்கே கொடுத்துவிடுங்கள். அதில் வரும் பணம் எங்களுக்கு வேண்டாம். எப்படியும் எங்கள் கைக்கு வராது. கை கணக்கில் இல்லையே.

எங்களுக்கு ஒன்று மட்டும் செய்யுங்கள். பதினொராவது விதியின் அந்த முதற் கருத்தை, ஓரிடத்தில் நிற்பது மட்டும் குற்றமாகாது என்பதை, சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்புங்கள். அடுத்த முறை விடிவதற்கு முன் கதவு தட்டுகிறவரிடம் காட்டுவதற்கு லொட்ஜ் அறைக்கு ஒன்றாக ஒட்டிவைக்கிறோம்.

இங்ஙனம்,
வெள்ளவத்தை வாசி
(காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில். தக்க காரணத்துடன்.)